கேரவன் பாடியில் விரிசலா, ஒழுகலா? வாரன்டியில் முறையாகச் சரிசெய்து வாங்கும் வழி

கரூரில் கட்டிய பஸ் பாடி தமிழ்நாட்டைத் தாண்டியும் ஓடுகிறது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லில் லாரி, டேங்கர் என்று பாடி கட்டுவது கொங்கு நாட்டில் ஊறிப்போன தொழில். அதனால் ஒரு வேன் சேஸ் (பாடி கட்டாத அடிச்சட்டமும் எஞ்சினும்) வாங்கி, தெரிந்த பட்டறையில் விட்டு, கட்டில், அடுப்படி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக்கிக்கொள்வது இங்கே சுலபம். குறை என்று ஒன்று வரும்போதுதான் அந்தச் சுலபம் காலை வாரிவிடுகிறது. பாதிப் பேச்சு வாய்வார்த்தையில் முடிந்திருக்கும். பட்டறைக்காரர் சொந்தமாக இருப்பார், இல்லாவிட்டால் மச்சானுக்கு வேண்டியவராக இருப்பார். எழுதிக் கேட்டால் முகம் மாறிவிடுமோ என்ற தயக்கத்திலேயே ஒரு மழைக்காலம் கடந்துவிடும்.

எழுதிக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. நல்ல மேஸ்திரிக்கு அது உதவிதான். கட்டுமானக் குறை ஏன் வந்தது என்ற காரணத்தையும், என்ன செய்தோம் என்ற விவரத்தையும் தாளில் வாங்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது.

எதைக் கட்டுமானக் குறை என்று எடுத்துக்கொள்வது

அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை, பெயிண்டில் புள்ளி விழுந்திருக்கிறது, லைட் எரியவில்லை என்பதெல்லாம் சில்லறை வேலை. ஒரே பட்டியலாகப் போட்டுக் கொடுத்தால் பட்டறையில் ஒரு நாளில் முடித்துவிடுவார்கள். அவற்றைக் கட்டுமானக் குறையோடு ஒரே தாளில் கலக்காதீர்கள். கலந்தால் லைட்டையும் கதவையும் சரிசெய்துவிட்டு 'பெரும்பாலும் முடிஞ்சுதுங்க' என்று விரிசலை அடுத்த முறைக்குத் தள்ளிவிடுவார்கள்.

வண்டியின் பாரத்தைத் தாங்கும் பாகத்தில் வரும் குறைதான் கட்டுமானக் குறை. சேஸில் நீளவாட்டில் ஓடும் லாங் மெம்பர், குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பர், பாடியைச் சேஸோடு பிடித்திருக்கும் யூ-போல்ட்டும் பிராக்கெட்டும், பக்கவாட்டுப் பில்லர்கள், கூரைச் சட்டம், தரைச் சட்டம், ஸ்டெப்னி பிராக்கெட், தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் தாங்கும் தொட்டில் எல்லாம் இதில் வரும். கூரை ஒழுகலையும் நான் இதில்தான் சேர்ப்பேன். உள்ளே இறங்கிய தண்ணீர் பிளைவுட்டை ஊறவைத்து, சட்டத்தின் சதுர இரும்புக் குழாயை (ஸ்கொயர் டியூப்) உள்ளிருந்தே துருவாக்கிவிடும். வெளியே தெரியும்போது சட்டம் போயிருக்கும்.

பில்லை எடுத்து வைத்து யார் பொறுப்பு என்று பிரியுங்கள்

கேரவனுக்கு ஒரே வாரன்டி என்று எதுவும் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸ், ஆக்சில் ஆகியவற்றுக்கு வண்டிக் கம்பெனி பொறுப்பு. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்தவர்கள் பொறுப்பு. ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை. பாடிக்கும் உள்வேலைக்கும் பாடி கட்டியவர்தான் பொறுப்பு.

சண்டை வருவது இவற்றின் எல்லைக்கோட்டில். லாங் மெம்பரில் விரிசல் வந்தால் சேஸ் கம்பெனி பாடிக்காரரைக் காட்டும், பாடிக்காரர் சேஸைக் காட்டுவார். இதை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. லாங் மெம்பரின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள், கண்ட இடத்தில் வெல்டு வைக்காதீர்கள் என்று பாடி கட்டுபவர்களுக்காகச் சேஸ் கம்பெனிகள் தரும் வழிமுறைகளில் பொதுவாகவே சொல்லியிருக்கும். விரிசல் ஒரு துளையிலிருந்தோ வெல்டிலிருந்தோ புறப்பட்டிருந்தால் அந்தத் துளையைப் போட்டவர் யார் என்பதே கேள்வி. துளை, வெல்டு எதுவும் இல்லாத இடத்தில் வந்திருந்தால் சேஸ் கம்பெனிதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே படத்தோடு கடிதம் அனுப்புங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் வாயால் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

பில் விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பாடிக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மட்டும் பில், மீதி கையில் என்ற பழக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் பில்லில் இல்லாத பணத்தை நிரூபிப்பது பெரும்பாடு. பில்லோடு என்ன தடிமன் டியூப், என்ன ஷீட், எத்தனை மாத வாரன்டி என்று பட்டறையின் லெட்டர்ஹெட்டில் ஒரு தாளும் வாங்குங்கள். இன்னும் வண்டி கட்டத் தொடங்காதவர்கள், மோட்டார் கேரவனுக்கான ஏஐஎஸ்-124 தரப்படி அனுமதி பெற்ற வடிவமா என்று கேட்டு, அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தில் இல்லாத மாற்றத்தைப் பின்னால் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். வாரன்டியை மறுக்கவும் அதையே காரணம் காட்டுவார்கள்.

எடை மேடைக்குப் போங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு, பயனோ மிக அதிகம். 'ஓவர்லோடு ஏத்திட்டீங்க' என்பதுதான் மறுப்பவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் எடை மேடைக்கா பஞ்சம்? முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு வாங்குங்கள். முதலில் தொட்டி காலியாக, அப்புறம் தண்ணீர், கேஸ், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதை மறக்கக்கூடாது.

சேஸ் பிளேட்டில் இருக்கும் மொத்த எடை வரம்போடும் ஆக்சில் வரம்போடும் ஒப்பிடுங்கள். ஆள் ஏறாமல், தொட்டி நிரப்பாமலேயே பின் ஆக்சில் வரம்பைத் தொட்டுவிட்டால் அதுவே பாடி கட்டியவரின் குறை. தொட்டியையும் பேட்டரியையும் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்கவிட்டிருப்பார்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். வரம்புக்குள் இருந்தால் ஓவர்லோடு வாதம் உங்களிடம் செல்லாது. சீட்டு வெயிலில் வெளுத்துப்போகும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

குறையைத் தேடும் முறை

சமதரையில் நிறுத்தி வாசல் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். பிறகு பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தடித்த பலகை மேல் ஏற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். சேஸ் முறுக்கிக்கொள்வது இயல்புதான், ஓரளவு மாறும். ஆனால் கதவு அடைக்கவே முடியாமல் இறுகினாலோ, சக்கரத்தை இறக்கிய பிறகும் அளவு பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலோ பாடியின் பிடிப்பில் கோளாறு இருக்கிறது. காட்டுக்குள் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) வழியாகத் தோப்பு வீட்டுக்கு வண்டியை ஓட்டிப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒன்று மேட்டிலும் போகும்போது பாடி படும் பாடு இதுதான்.

அடுத்தது ஜன்னல் மூலைகள். ஷீட்டில் வெட்டிய சதுரத்தின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலைச் சாதாரணமாக விடக்கூடாது. அழுத்தம் எல்லாம் போய்ச் சேரும் இடம் அந்த மூலை. கூரையில் ஏசிக்கும் காற்றுப்போக்கிக்கும் வெட்டிய ஓட்டையைச் சுற்றிச் சட்டம் கொடுக்காமல் ஷீட்டிலேயே ஏசியை உட்காரவைத்திருந்தால் கூரை குழிந்து தண்ணீர் தேங்கும். மழை விட்டதும் ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், குட்டை நிற்கிறதா என்று.

ஃபைபர் ஷீட்டும் ஃபோமும் ஒட்டிய பலகைச் சுவராக இருந்தால் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் சத்தம் கணீரென்று இருக்கும். ஒட்டு விட்ட இடத்தில் பொத்தென்று அடங்கும். சத்தம் மாறும் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுப் படம் எடுங்கள். மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் குறை வளர்கிறது என்று அர்த்தம். விரிசலுக்கும் இதேபோல் இரு முனையிலும் மார்க்கரால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் கிலோமீட்டரும் எழுதிப் படம் எடுங்கள். ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

ஒழுகல் மட்டும் ஏமாற்றும். உள்ளே ஈரம் தெரியும் இடம் ஒன்று, தண்ணீர் நுழையும் இடம் வேறு. சட்டத்தின் மேலேயே ஓடி வேறெங்கோ சொட்டும். ஓஸைக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் சில நிமிடம் பிடித்து, உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருந்து பார்க்க வேண்டும். முதலிலேயே கூரையில் தண்ணீரை ஊற்றினால் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியாது.

வண்டியின் அடியிலும் படுத்துப் பாருங்கள். யூ-போல்ட் நட்டைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து பளபளப்பாக இருந்தாலோ, செந்தூளாகத் துரு கொட்டியிருந்தாலோ அந்த இடம் அசைகிறது. புது வண்டியில் கொஞ்ச தூரம் ஓடியதும் யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை) என்பதைப் பட்டறையிடம் எழுத்தில் கேட்டு, செய்த தேதியையும் குறித்து வையுங்கள். அலுமினிய ஷீட்டும் இரும்புச் சட்டமும் நடுவில் எதுவும் இல்லாமல் நேரடியாக உரசிக்கொண்டிருந்தால் ஈரம் பட்டதும் அரிப்பு தொடங்கும். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிவது அதன் அடையாளம்.

ஓட்டலாமா, நிறுத்தணுமா

லாங் மெம்பர் விரிசல், ஸ்பிரிங் பிராக்கெட் அருகே விரிசல், பாடி ஒரு பக்கமாகச் சாய்வது, யூ-போல்ட் அறுந்தது, கேஸ் குழாய் செல்லும் சுவர் அசைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுங்கள். பட்டறைக்கு ஓட்டிப்போவதாக இருந்தாலும் தொட்டியைக் காலிசெய்து, சிலிண்டரைக் கழற்றி, ஆட்களை ஏற்றாமல், சமதளச் சாலையில்தான் போக வேண்டும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஆழியாறு–வால்பாறை 40 வளைவுகளிலோ வைத்து அந்த விரிசல் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது உயரமான பாடியோடு பல்லடம், உடுமலை வெளியில் போகிறவர்களுக்குப் பக்கக்காற்று எப்படித் தள்ளும் என்பது தெரியும். பிடிப்பு தளர்ந்த பாடிக்கு அது ஆகாது.

வழியில் உடைந்து, அவசரத்துக்கு வேறு பட்டறையில் வெல்டு வைக்க வேண்டி வந்தால் முதலில் படம், வீடியோ எடுத்து, பாடி கட்டியவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, 'தற்காலிகமாக இவ்வளவு மட்டும் செய்கிறேன்' என்று எழுதிவிட்டுச் செய்யுங்கள். உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். இல்லாவிட்டால் 'வெளியாள் கை வெச்சுட்டாங்க, இனி எங்க பொறுப்பில்லீங்க' என்ற பதில் காத்திருக்கும். கட்டுமானக் குறையை விபத்து என்று சொல்லி இன்சூரன்ஸ் கேட்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொய்யான க்ளெய்ம் போட்டால் பின்னால் வாரன்டி கேட்கும் உரிமையையும் நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள்.

கடிதம்

போனில் சொல்லுங்கள், உறவு முக்கியம்தான். அன்று மாலைக்குள் அதையே எழுத்திலும் அனுப்புங்கள். ஈமெயில், கூடவே ஸ்பீட் போஸ்ட். கோபமான சொல் எதுவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

'வணக்கம். தங்கள் பட்டறையில் கட்டிய எனது கேரவன் (பதிவு எண், சேஸ் எண், பில் எண், தேதி). இத்தனையாவது கிலோமீட்டரில், இடதுபுறம் இரண்டாம் ஜன்னலின் கீழ் மூலையில் விரிசல் காணப்பட்டது. தற்போதைய நீளம் இவ்வளவு. படங்களும் எடை மேடைச் சீட்டுகளும் இணைப்பில். தாங்கள் நேரில் பார்த்து, காரணத்தை எழுத்தில் தெரிவித்து, வாரன்டியில் சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை எந்தத் தேதியில் கொண்டுவரலாம் என்று 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

அவர் போனில் பதில் சொன்னால், 'இன்று நீங்கள் சொன்னபடி புதன்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறேன்' என்று ஒரு வரி மெசேஜ் போட்டுவிடுங்கள். பேச்சு அப்படியே ஆவணமாகிவிடும்.

பட்டறையில் நடக்கும் வேலை

எங்கள் வண்டியில் இப்படி ஒரு ஜன்னல் மூலை விரிசல் வந்து பட்டறைக்குக் கொண்டுபோனபோது மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சின்ன விரிசலுங்கண்ணா. பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சுட்டாத் தெரியாதுங்க" என்றார்.

"தெரியாமப் போறதுக்கு வரலீங்க மேஸ்திரி. உள்ஷீட்டக் கழட்டிப் பாத்துரலாமுங்க. பில்லர் நல்லாருந்தா நீங்க சொல்றபடியே பண்ணுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றச் சொன்னார். ஷீட்டை இறக்கியதும் உள்ளே பில்லரும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம் தெரிந்தது. நான்கு பக்கமும் முழுக்க ஓட வேண்டிய வெல்டு, இரண்டு மூலையில் பொட்டு வைத்ததோடு நின்றிருந்தது. வேலை தொடங்கும்போது இடம் பிடிக்க வைக்கும் டாக் வெல்டு அது. முழு வெல்டு வைக்கவே மறந்திருக்கிறார்கள். அதில் ஒரு பொட்டு விட்டுப்போய், பாரம் முழுக்க ஷீட்டின் மேல் ஏறியிருந்தது. அதன்மேல் ப்ரைமர்கூட இல்லை, துரு பூத்திருந்தது. மேஸ்திரி தானே டார்ச்சை வாங்கி அடுத்த பில்லரைப் பார்த்தார். அதுவும் அப்படித்தான். அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தையும் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் முழுவதையும் அவரே பிரித்தார்.

ஆகவே பட்டி, சிலிகான், புது ரிவெட் என்று யார் தொடங்கினாலும் உள்ஷீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் வந்த குறை அதே கையால் செய்த மற்ற இடங்களிலும் இருக்கும்.

வெல்டு வைக்கும்போது கவனிக்க வேண்டியவை பல. பேட்டரித் தொடர்பைக் கழற்ற வேண்டும். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டியில் ஈசியூ என்ற கணினிப் பெட்டி, சென்சார்கள் நிறைய. வண்டிக் கம்பெனி சொல்லும் முறைப்படி அவற்றையும் துண்டித்துவிட்டு, வெல்டிங் மெஷினின் எர்த் க்ளிப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரியையும் கேஸ் சிலிண்டரையும் வண்டியை விட்டே இறக்குங்கள். சுவருக்குள் இருக்கும் ஃபோம் தீப்பிடிக்கும். அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்கி, தீயணைப்பானோடு ஒருவர் நிற்க வேண்டும். விரிசல் மேலேயே வெல்டை ஓட்டினால் மறுபடி விடும். முனையைக் கண்டுபிடித்து, அடிவரை கிரைண்டரால் வாய் திறந்து, நிரப்பி, தேவைப்பட்டால் மேலே பிளேட் கொடுப்பதுதான் முறை. லாங் மெம்பர் என்றால் சேஸ் கம்பெனியின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் யாரையும் தொடவிடாதீர்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் எடுங்கள்: பிரித்தபோது, வெல்டு வைத்ததும், ப்ரைமர் அடித்ததும், ஷீட் மூடுமுன். மூடிவிட்டால் கேட்கவும் பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

வண்டியைத் திருப்பி எடுக்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். வாசல் மூலைவிட்டங்களை மறுபடி அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். ஓஸ் தண்ணீர் சோதனையைப் பட்டறையிலேயே, மேஸ்திரி பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். கதவு ரப்பரில் சாக்பீஸைத் தேய்த்து மூடித் திறந்தால் சட்டத்தில் கோடு முழுசாக விழ வேண்டும், விட்டுப்போன இடத்தில் காற்றும் தண்ணீரும் நுழையும். பாடி பிடிப்பு வேலை நடந்திருந்தால் வீல் அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள்.

பட்டறையின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் 'வேலை முடிந்தது' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். குறை என்ன, காரணம் என்ன, எந்த இடத்தில் என்ன செய்யப்பட்டது, வண்டி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பட்டறையில் இருந்தது, இந்த வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதாவிட்டால் உங்கள் கையெழுத்துக்கு மேலே நீங்களே எழுதுங்கள்.

மறுத்தால், இழுத்தடித்தால்

முதலில் வெளியாள் ஒருவரின் அறிக்கை. சார்ட்டர்டு எஞ்சினியரோ, வாகனத்தில் அனுபவமுள்ள உரிமம் பெற்ற சர்வேயரோ கோவை, ஈரோடு, சேலம் பக்கம் கிடைப்பார்கள். குறை எங்கே, எதனால், பயன்பாட்டால் வந்ததா கட்டியதில் வந்ததா என்ற மூன்றுக்கும் அவர் பதில் எழுத வேண்டும். அந்த அறிக்கையோடு இறுதிக் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை. சில பட்டறைகள் அங்கிருந்து வரும் அழைப்பிலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வண்டி கரூரில் கட்டியதாக இருந்தாலும் கோபிக்காரர் ஈரோட்டில் கொடுக்கலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணமும் சிறிதுதான்: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பொறியியல் சர்ச்சை உள்ள வழக்கில் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். குறையைச் சரிசெய்து தரவும், மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பவும், நஷ்டஈடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். பரிசோதனைக்கு அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. குறை வெளிப்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். 'ஆடி கழியட்டுங்க', 'தீபாவளி போகட்டுங்க' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் காலம் கரைந்துவிடும். இரண்டாவது, வண்டியை வாடகைக்கு விடுகிறீர்களா என்பது. பொள்ளாச்சிப் படப்பிடிப்புகளுக்குக் கேரவன் விடுகிறவர்களிடம் 'வணிக நோக்கம், ஆகவே நுகர்வோர் இல்லை' என்ற வாதம் கட்டாயம் வரும். சுயதொழிலாக, சொந்தப் பிழைப்புக்காக வைத்திருக்கும் வண்டிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. நீங்களே ஓட்டுவதையும் வேறு வருமானம் இல்லை என்பதையும் காட்டும் தாள்களைச் சேர்த்து வையுங்கள். பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு சிவில் கோர்ட்தான் வழி.

வாட்ஸப் பேச்சையும் படங்களையும் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றினாலும் பழைய போனை விற்றுவிடாதீர்கள், மூலம் அதில்தான் இருக்கிறது. வழக்கு முடியும்வரை குறையுள்ள பாகத்தை மாற்றாமல் இருப்பதே நல்லது. வண்டி ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், ஆணையத்தில் மனுப்போட்டு, பரிசோதனை முடிந்த பிறகு மாற்றுங்கள். வெட்டி எடுத்த பில்லரையும் ஷீட்டையும் சாக்கில் கட்டி, வண்டி எண்ணும் தேதியும் எழுதி, மழை படாத இடத்தில் வையுங்கள். வழக்கு தீரும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.